கீழ்வாசல் பீப்பாய்

மாதா துணை

காஸ்தெல்வேர்னோ, இத்தாலி
9 மார்ச் 2025

அன்பு மகள் ஆனிக்கு,

அம்மா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. நீ என் நம்பரை பிளாக் பண்ணி இரண்டு மாதம் ஆகப் போகிறது. லூசி அத்தைக்குப் போன் போட்டு உன்னைக் கேட்டால், "தூங்கிட்டா", "டியூஷன் போயிருக்கா" என்று தினம் ஒரு கதை சொல்கிறாள். போனைத்தானே பிளாக் பண்ண முடியும், போஸ்ட்மேனை என்ன செய்வாய் என்று இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

பொங்கலன்று நர்சிங் படிக்க இங்கே வா என்று சொன்னது உன் நல்லதுக்குத்தான். அதைப் பற்றி இப்போது பேச வரவில்லை. எனக்கு உன்னிடம் ஒரு உதவி வேண்டும். சிரிக்காதே.

இந்த ஊர் ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் பள்ளத்தாக்கில் இருந்த சனங்கள் படைகளுக்குப் பயந்து மேலே ஏறி வந்து, சுற்றிலும் மதில் கட்டிக் குடியேறினார்களாம். அப்புறம் ஒருமுறை பக்கத்து நகரத்துப் படை வந்து முற்றுகை போட்டிருக்கிறது. மேலே இருந்த தொட்டி வற்றிவிட்டது. தண்ணீர் என்றால் கீழ்வாசலுக்கு வெளியே இருக்கும் ஊற்று ஒன்றுதான். ஆண்கள் மதில்மேல் நின்று கல் எறிய, பெண்கள் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி உருட்டிக்கொண்டே மேலே ஏற்றியிருக்கிறார்கள். மழைக்காலம் வந்ததும் படை சோர்ந்து திரும்பிவிட்டது. அதன் நினைவாக வருஷா வருஷம் ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாளில், பெண்கள் பீப்பாய் ஓட்டம் நடக்கிறது. ஊரில் நாலு பேட்டை. பேட்டைக்கு இரண்டு பெண்கள்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் கீழ்வாசல் பேட்டையில் இருக்கிறது. எங்கள் பேட்டை ஜெயித்தே இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வயசுப் பெண்கள் எல்லாரும் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் ரொட்டிக்கடை பாவ்லா ஒருத்திதான். போன வாரம் நான் துணி வண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தவள், "நீ என்னோடு தள்ளுகிறாயா?" என்றாள். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். நாற்பத்துமூன்று வயசில்! 

எனக்குத் தெரிந்த ஓட்டக்காரி நீ ஒருத்திதான். எப்படித் தயாராவது என்று எழுது கண்ணு.

உன் அம்மா,
ரெஜினா

&nbsp;

வடக்குத்து
1 ஏப்ரல் 2025

அம்மா,

கிழிக்கல. அத்தை எதிர்லயே நின்னாங்க, அதனால கிழிக்க முடியல.

அப்பா செத்தப்ப எனக்குப் பதிமூணு வயசு. ஒரு வருஷம்கூட ஆகல, நீயும் கெளம்பிட்ட. ரெண்டு வருஷத்துல வந்துடுவேன்னு சொன்ன. இது நாலாவது வருஷம். அங்க வேலையை நீட்டிக்கிட்டதைக்கூட நீ என்கிட்ட சொல்லல, அத்தை சொல்லித்தான் தெரியும். இப்ப திடீர்னு வந்து நர்சிங் படின்னா எப்படி? எனக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வரும். ஒன்பதாவதுல பயாலஜி லேப்ல விழுந்துட்டேன். அது உனக்குத் தெரியாது. நீ அப்ப இல்ல.

இன்னொண்ணும் உனக்குத் தெரியாது. நான் ஓடுறதை விட்டு ஒரு வருஷம் ஆச்சு. ஓடுற ஸ்பைக்ஸ் ஷூவை என்கூட படிக்கிற மணிமொழிக்குக் குடுத்துட்டேன். ஸ்டேடியம் பக்கமே போறதில்ல. அதனால நீ வேற ஆளைப் பாரு.

உன்னை யாரு இதுக்கெல்லாம் ஒத்துக்கச் சொன்னது? கண்ணு முன்னாடி கம்பெனி பஸ் கெளம்பினாக்கூட ஓட மாட்ட நீ. "அடுத்தது வரும்டி"ன்னு நிப்ப. வேணாம், விட்டுடு. முட்டி போயிடும்.

சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். பீப்பாய் எவ்ளோ வெயிட்? தரை தாரா, கல்லா? மேடு ஒரே சீரா ஏறுதா, இல்ல வளைஞ்சு வளைஞ்சு போகுதா?

ஆனி

&nbsp;

காஸ்தெல்வேர்னோ
20 ஏப்ரல் 2025, உயிர்ப்பு ஞாயிறு

அன்பு ஆனி,

பாஸ்கா வாழ்த்துகள். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ரத்த விஷயம் எனக்குத் தெரியாதுதான். தெரிந்த அன்றே நர்சிங் பேச்சை விட்டுவிட்டேன். நீ ஓடுவதை நிறுத்தியதும் தெரியாது. அதுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பீப்பாய் ஓக் மரம். பாதி தண்ணீர் நிரப்பி மூடிவிடுவார்கள். நம் வீட்டு பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி கனம். தரை கல். எண்ணூறு வருஷமாக மனுஷர் காலும் கழுதைக் காலும் பட்டு, சோப்பு போட்ட மாதிரி வழுக்குகிறது.

பாதை எப்படி என்றால், நம் நெய்வேலி டவுன்ஷிப்பை மறந்துவிடு. அங்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ரோடு, பிளாக் நம்பர் தெரிந்தால் போதும், இருட்டிலும் போய்விடலாம். இங்கே தெரு, இஷ்டத்துக்கு அலையும் ஆடு மாதிரி போகிறது. ஊற்றில் கல்சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். ஓட்டம் தொடங்குவது அங்கே. உடனே கீழ்வாசல் வளைவு. அதன் கதவில் முற்றுகைக் காலத்துக் கோடாலி வெட்டுகள் இன்னும் இருக்கின்றன, விரல் விட்டுப் பார்க்கலாம். அங்கிருந்து ரொட்டிக்கடை வரை சுமாரான ஏற்றம். முதல் திருப்பம். அப்புறம் எங்கள் இல்லத்தின் சுவரை ஒட்டி ஒரு மேடு, அதுதான் எமன். மாடியிலிருந்து பார்த்தால் தெரு சுவரில் சாத்தி வைத்த மாதிரி நிற்கும். இரண்டாம் திருப்பம், இடி விழுந்து தலை போன கோபுரம். மூன்றாம் திருப்பம், கடைசியாகக் கோயில் சதுக்கம்.

இன்று பூசைக்கு அந்தக் கோயிலுக்குத்தான் போனேன். உள்ளே சுவரோவியத்தில் மாதா நீலப் போர்வையை விரித்து நிற்கிறாள். அதற்குள் இந்த ஊர்ச் சனங்கள் குட்டிக் குட்டியாக மண்டியிட்டிருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் ஒருத்தி, கையில் பீப்பாய்! உன்னைக் கூட்டி வந்து காட்ட ஆசை. காட்டத்தான், தங்க இல்லை. கோபப்படாதே.

அம்மா

&nbsp;

வடக்குத்து
12 மே 2025

அம்மா,

பிளாக் எடுத்துட்டேன். அந்த மேட்டை வீடியோ எடுத்து அனுப்பு. கீழருந்து மேல வரைக்கும் நடந்துகிட்டே எடு, கையை ஆட்டாத. ஆனா போன் பண்ணாத. போன்ல நீ அழுவ, நான் கத்துவேன். எழுதுறதே நல்லா இருக்கு.

லீவுதானேன்னு ஒண்ணு செஞ்சு பார்த்தோம், நானும் மணிமொழியும். அத்தை வீட்டு நீல டிரம்ல பாதி தண்ணி புடிச்சு மூடியை இறுக்கி, ஏரிக்கரைச் சரிவுல உருட்டிக்கிட்டு ஏறினோம். மொத தடவை பாதியில நின்னோம். அவ்ளோதான். உள்ள இருந்த தண்ணி பின்னாடி அடிச்சது, டிரம் எங்க ரெண்டு பேரையும் தள்ளிக்கிட்டு கீழ வந்து, மாடு கழுவிக்கிட்டு இருந்த பெரியண்ணன் தாத்தா மேல ஏறப் பார்த்துச்சு. அவர் திட்டினதை எழுத முடியாது. அத்தை ஓடி வந்து, "இன்னாடி பண்ணிகினு இருக்கீங்க, வூட்ல குடிக்கத் தண்ணி இல்ல, இங்க ஏரிக்குத் தண்ணி ஏத்துறீங்களா?"ன்னு கேட்டாங்க. நான் உனக்காகன்னு சொன்னேன். அப்புறம் புடவையைச் செருகிக்கிட்டு அவங்களும் ஒரு கை புடிச்சாங்க.

எட்டு தடவை ஏத்தினப்புறம் புரிஞ்சது. கவனமா படி. நிக்கவே கூடாது. மெதுவா போனாலும் பரவால்ல, நின்னா தண்ணி திருப்பி அடிக்கும். விட்டு விட்டு வேகமா தள்ளுறதும் கூடாது, ஒரே சீரா தள்ளணும். சின்னச் சின்ன அடி. இடுப்பு தாழ்ந்து இருக்கணும், கையால தள்ளாத, தொடையால தள்ளு. திருப்பத்துல உள்பக்கம் நிக்கிறவ தோளைக் குடுத்துப் புடிக்கணும், வெளிப்பக்கத்துக்காரி மட்டும் தள்ளணும். டிரம் தானா திரும்பும். உங்க ஓட்டத்துல திருப்பம் மூணு. மூணுலயும் யாரு உள்ள, யாரு வெளியன்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க.

அப்புறம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தள்ள ஒரு வார்த்தை வேணும். நாங்க "தள்ளு", "புடி"ன்னு வெச்சுக்கிட்டோம். உங்க பாவ்லாவுக்கு வாயில வருமா பாரு.

காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அந்த மேட்டை ஏறி இறங்கு. ஒரு வாரம் நடை, அப்புறம் ஓட்டம். ஏமாத்தினா எனக்குத் தெரிஞ்சிடும்.

உன் கோச்,
ஆனி

&nbsp;

காஸ்தெல்வேர்னோ
15 ஜூன் 2025

மதிப்பிற்குரிய கோச்சுக்கு,

நீ போட்டிருந்த கையெழுத்தை பாவ்லாவிடம் காட்டினேன். அர்த்தம் சொன்னதும், "அப்போ நமக்கு வெளிநாட்டுப் பயிற்சியாளர்!" என்று கடையில் இருந்த எல்லாருக்கும் கத்திச் சொன்னாள். "தள்ளு" அவளுக்கு நன்றாக வருகிறது. "புடி" மட்டும் "பூதி" ஆகிவிடுகிறது. இல்லத்துக் கிழவர் கிழவிகள் தினமும் காலையில் சன்னலில் உட்கார்ந்து நாங்கள் ஏறுவதைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் மெதுவாகப் போனாலே மேலிருந்து "தல்லு! தல்லு!" என்று சத்தம் வருகிறது. அத்தனை பேருக்கும் தமிழ் வந்துவிட்டது.

ஆனால் ஒரு பிரச்சினையும் வந்தது. மேல்கோபுரம் பேட்டைக்கு உம்பெர்த்தோ என்று ஒரு தலைவர். நாலு பேட்டைக்காரர்களும் கூடிய கூட்டத்தில் அவர் எழுந்து, "கீழ்வாசலில் பெண்கள் தீர்ந்துவிட்டார்களா? வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரியை வைத்து நம் முன்னோர்களின் ஓட்டத்தை ஓடுவதா?" என்றார். நான் பின்வரிசையில் இருந்தேன். ஆனி, எனக்குக் காது இரண்டும் கொதித்தது. எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்துவிட்டேன்.

பாவ்லா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்புறம் எழுந்து கேட்டாள்: "முற்றுகையின்போது பீப்பாய் தள்ளிய பெண்கள் யார்? படைக்குப் பயந்து அந்த வாரம்தான் பள்ளத்தாக்கிலிருந்து ஓடி வந்தவர்கள் பாதிப் பேர். அவர்களுக்குக் கீழ்வாசலைத் திறந்துவிட்டது நம் ஆட்கள். அவர்களும் வெளியூர்க்காரிகள்தான். உம்பெர்த்தோ, உங்கள் அம்மாவுக்குத் தினமும் சோறு ஊட்டுவது யார் தெரியுமா?"

உம்பெர்த்தோவின் அம்மா எங்கள் இல்லத்தில்தான் இருக்கிறாள். நல்ல கிழவி. கையை உயர்த்தச் சொன்னார்கள். மேல்கோபுரத்தார் சிலரைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. உம்பெர்த்தோ உயர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். இந்த ஊரில் யாரும் என்னைப் பார்த்ததாகவே இத்தனை நாள் எனக்குத் தோன்றியதில்லை.

இன்னொன்று. உனக்குப் பதில் நானே முடிவெடுத்துப் பேசினேன் என்று நீ கோபப்பட்டாயே, அன்று கூட்டத்தில் என்னை எதிரே வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்னைப் பற்றி வாதாடியபோது உன் கோபம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

முட்டியில் சிராய்ப்பு. பெரிசாக ஒன்றும் இல்லை. தினமும் ஏறுகிறேன், ஏமாற்றவில்லை.

உன் ஆள்,
அம்மா

&nbsp;

வடக்குத்து
6 ஜூலை 2025

அம்மா,

அந்த உம்பெர்த்தோ விஷயத்தை மணிமொழிகிட்ட சொன்னேன். "உங்கம்மா ஜெயிக்கலேன்னா நானே ஃப்ளைட் ஏறிப் போறேன்"னா. அவளும் மைன்ஸ் வேலைக்கு வந்த குடும்பம்தான், எட்டு தலைமுறையா இந்த ஊர்தான்னு அவளால சொல்ல முடியாது. டவுன்ஷிப்ல யாரைக் கேட்டாலும் அப்படித்தான்.

வீடியோ பார்த்தேன். மேடு ஓகே, உன் கால் ஓகே. ஆனா நீ தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தள்ளுற. மூச்சு அடைக்கும். பீப்பாயைப் பார்க்காத, அதுக்கு மேல பத்தடி தூரத்தைப் பாரு.

நான் இதைச் சொல்லணுமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். உனக்கு எழுதுறதுக்காகத்தான் மொத தடவை ஸ்டேடியத்துக்குப் போனேன். படிக்கட்டுல எத்தனை செட் ஏறினா கால் நடுங்கும்னு பார்க்க. அப்புறம் அடுத்த நாளும் போனேன். இப்ப தினம் போறேன். விடிகாலையில சைக்கிள்ல டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டினதும் வேப்பமரத்து வாசனை வருதே, அதை நான் மறந்தே போயிருந்தேன். மணிமொழி ஸ்பைக்ஸைத் திருப்பிக் குடுத்துட்டா, அவளுக்கு லூசாம். பொய் சொல்றா.

நீ இப்போதைக்கு வர மாட்டேன்னு தெரிஞ்சப்புறம், ஓடினா யாரு பார்க்கப் போறான்னு தோணிச்சும்மா. அதான் விட்டேன். அவ்ளோதான் காரணம்.

ஆகஸ்ட் பதினஞ்சாம் தேதி இங்க கொடியேத்தம், காலையில மார்ச் பாஸ்ட். மத்தியானத்துலருந்து போனைக் கையிலயே வெச்சிருப்பேன். கடைசி ஒரு வாரம் கஷ்டமா எதுவும் பண்ணாத. தூங்கு. முந்தின நாள் வயிறு நிறைய சாப்பிடு, ஓடுற அன்னிக்கு லேசா.

ஆனி

&nbsp;

மாதா துணை

காஸ்தெல்வேர்னோ
17 ஆகஸ்ட் 2025

என் தங்கம் ஆனிக்கு,

பாவ்லாவின் தம்பி அனுப்பிய வீடியோவில் நீ கடைசித் திருப்பம் மட்டும்தான் பார்த்திருப்பாய். தோள் இன்னும் வலிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. முழுசாகச் சொல்கிறேன்.

காலைப் பூசையில் நாலு பீப்பாயையும் சாமியார் மந்திரித்தார். பேட்டைக்கொரு நிறம், எங்களுக்குச் சிவப்பு. ஊற்றடியில் சீட்டுப் போட்டதில் எங்களுக்குச் சுவரோரம், மோசமான இடம். மேல்கோபுரத்துக்கு நடு இடம். அவர்கள் பெண்கள் இருவரும் வாட்டசாட்டமானவர்கள், ஒருத்திக்கு என் வயசில் பாதிதான். கோட்டை மதில்மேல், மாடியில், படியில், எங்கே பார்த்தாலும் சனம். வெளியூர் போன கீழ்வாசல் பிள்ளைகள் எல்லாரும் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கொம்பு ஊதினார்கள். வாசல் வளைவுக்குள் நாலு பீப்பாயும் ஒரே நேரத்தில் நுழைந்தால் எப்படி இருக்கும்! இடி மாதிரி சத்தம். நாங்கள் கடைசி. முதல் திருப்பத்திலும் கடைசி. பாவ்லா வேகமாகத் தள்ளப் பார்த்தாள். "சீரா! சீரா!" என்று கத்தினேன், அவளுக்குப் புரியாது என்பதே எனக்கு நினைவில்லை. ஆனால் புரிந்துகொண்டாள்.

முன்னால் போன இரண்டு பேட்டைக்காரர்கள் திருப்பத்தில் ஒருவரை ஒருவர் முட்டிச் சுவரில் சிக்கிக்கொண்டார்கள். நாங்கள் ஓரமாக நழுவித் தாண்டினோம். அப்புறம் அந்த மேடு. மேல்கோபுரம் எங்களுக்கு வெகு முன்னால் இருந்தது. நான் பத்தடி தூரத்தை மட்டும் பார்த்தேன். அந்தப் பத்தடி கழிந்ததும் அடுத்த பத்தடி. சன்னல் முழுக்க எங்கள் இல்லத்துக் கிழவர் கிழவிகள், சக்கர நாற்காலியோடு, கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டு, "தல்லு! தல்லு!" ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சின்னத் தெருவில் ஆயிரம் பேர் தமிழில் கத்துகிறார்கள் ஆனி! உன் அப்பா இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

மேட்டின் பாதியில் மேல்கோபுரத்துப் பெண்கள் மூச்சு வாங்க ஒரு கணம் நின்றார்கள். நீ சொன்னபடியே தண்ணீர் திருப்பி அடித்தது. பீப்பாய் இரண்டு அடி பின்னால் வந்தது. நாங்கள் நிற்கவில்லை. ஆமை மாதிரிதான் போனோம், ஆனால் நிற்கவில்லை. கோபுரத் திருப்பத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தோம்.

மூன்றாம் திருப்பத்தில் பாவ்லா வழுக்கி விழுந்தாள். பீப்பாய் முழுசும் என்மேல் சாய்ந்தது. தோளைக் கொடுத்தேன். எலும்பு முறியும் என்றுதான் நினைத்தேன். "பூதி! பூதி!" என்று அவளே தரையில் கிடந்துகொண்டு கத்துகிறாள். பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்று கேட்காதே. மாதாவைக் கூப்பிட்டேன், உன்னையும் கூப்பிட்டேன். அவள் எழுந்தாள், கையை வைத்தாள், இரண்டு பேரும் சேர்ந்து "தள்ளு!"

சதுக்கத்துக்குள் எங்கள் பீப்பாய் ஒரு முழம் முன்னால் நுழைந்தது.

மணி அடித்ததா, யார் என்னைத் தூக்கினார்கள், ஒன்றும் தெரியவில்லை. ரெஜினா என்றால் இவர்கள் மொழியில் ராணி. சதுக்கம் முழுவதும் "ரெஜினா! ரெஜினா!" என்று கத்தியபோது பெயரைச் சொல்கிறார்களா, ராணி என்கிறார்களா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்றாள் பாவ்லா. வெற்றிக்கொடியை எங்கள் கையில் கொடுத்தார்கள். பட்டுத் துணி, மாதா படம் தீட்டியது. இனி ஒரு வருஷம் அது கீழ்வாசல் சிற்றாலயத்தில் இருக்கும்.

இங்கே ஒரு வழக்கம். இரண்டாவதாக வந்த பேட்டைத் தலைவர், ஜெயித்தவர்களின் பீப்பாயைத் தன் கையாலேயே ஊற்று வரை கொண்டுபோய் விட வேண்டும். உம்பெர்த்தோ வந்தார். என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, "சிஞ்ஞோரா" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் உங்களை ஜெயிக்க விட மாட்டோம்" என்றார். அடுத்த வருஷம் என்று சொன்னார், கவனித்தாயா? பிறகு அத்தனை தூரமும் சிவப்புப் பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார். அவருடைய அம்மா சன்னலில் இருந்து கைதட்டினாள்.

டிசம்பரில் ஒரு மாதம் லீவு கொடுத்துவிட்டார்கள். வருகிறேன். நீ என்ன படிக்கப் போகிறாய், எங்கே படிக்கப் போகிறாய் என்று நீ சொல். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

உன் அம்மா,
கீழ்வாசல் ரெஜினா

&nbsp;

வடக்குத்து
7 செப்டம்பர் 2025

என் செல்ல அம்மாவுக்கு,

வீடியோ வந்தப்ப நான் தெருவுல இருந்தேன். கத்தின கத்துல அத்தை சோத்துப் பானையைப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. ஆல்பின் மாமா நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கிக்கிட்டு இருந்தார், அவரையும் எழுப்பிட்டோம். அவர் அதை அவரோட ஷிஃப்ட் குரூப்ல போட்டுட்டார். இப்ப மைன்ஸ்ல யாரு எந்த வேலைக்குக் கை வெச்சாலும் "தல்லு, தல்லு"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்களாம். தனகோட்டி அக்கா கடையில, "உங்கம்மாவா அது, என்னா தெம்பு!"ன்னு கேட்டு எனக்குச் சும்மா ரெண்டு பஜ்ஜி குடுத்தாங்க.

உன் கடிதத்தைப் படிச்சப்ப, பாவ்லா விழுந்த இடத்துல நான் எழுந்து நின்னுட்டேன். ஜெயிச்சது தெரிஞ்சும்.

நீ கேட்டதுக்குப் பதில். நான் இத்தாலிக்கு வரலம்மா. உடற்கல்வி படிக்கப் போறேன், இங்கதான். கோச் ஆகப் போறேன். உன் மேட்டுக்கு நான் யோசிச்ச மாதிரி வேற எதுக்கும் நான் யோசிச்சதே இல்ல. ராத்திரி படுத்தாக்கூட அந்தத் திருப்பம்தான் கண்ணுல வரும். அதுலதான் தெரிஞ்சது எனக்கு என்ன வேணும்னு.

இவ்வளவு நாளா நீ வந்துடு, வந்துடுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்ப சொல்ல மாட்டேன். ஒரு ஊரே உன் பேரைச் சொல்லிக் கத்துது. அதை விட்டுட்டு எனக்காக வான்னு நான் சொன்னா, நான் கோச்சே இல்ல. அடுத்த வருஷமும் நீ ஓடணும். நான் லீவுக்கு வந்து அந்த மேட்டு ஓரத்துல நின்னு கத்தணும்.

போன சனிக்கிழமை மண்டலப் போட்டி. நானூறு மீட்டர்ல ரெண்டாவது வந்தேன், மாவட்டத்துக்குப் போறேன். ஒரு வருஷம் ஓடாம இருந்து இவ்ளோ நல்லா எப்படி ஓடினேன்னு பி.டி. மேடம் ஆச்சரியப்பட்டாங்க. "நான் ஒரு ஆளுக்குப் பயிற்சி குடுத்துக்கிட்டு இருந்தேன் மேடம்"னு சொன்னேன். "யாருக்குடி?"ன்னாங்க. போனை எடுத்து உன் வீடியோவைக் காட்டினேன். மேடம், பொண்ணுங்க, கிரவுண்டுல கோடு போடுற ராமசாமி அண்ணன், எல்லாரும் என்னைச் சுத்தி நின்னு பார்த்தாங்க. முடிஞ்சதும் மறுபடி போடச் சொன்னாங்க.

டிசம்பர்ல எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஃப்ளைட்னு எழுது. ஏர்போர்ட்டுக்கு மாமா வேணாம், அத்தை வேணாம். நான் மட்டும் வரேன். சென்னையிலருந்து நெய்வேலி வரைக்கும் பஸ்ல உன் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வரணும்.

உன் மக,
ஆனி